ஹீட்டர் சூடாகவில்லையா? ரேடியேட்டரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை, வைகாசியில் கொடைக்கானல் மலைப்பாதையில் லாரி சூடேறி நின்றதால் போக்குவரத்து முடங்கியது என்றும், மார்கழி, தையில் அதே பாதையில் பனிமூட்டத்தில் எதிரே வந்த வாகனம் தெரியாமல் விபத்து என்றும் தங்கள் நாளிதழில் செய்திகள் வருவது வழக்கம். முன்னதற்கு வெயிலையும் பின்னதற்குப் பனியையும் காரணம் சொல்லிவிட்டு எல்லோரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். திருமங்கலத்தில் பழைய ஆறு சக்கர லாரி ஒன்றை வைத்துக்கொண்டு, கொடைக்கானல் மேல்மலைக் காய்கறியை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கும், இங்கிருந்து அரிசி, சிமெண்ட் முதலியவற்றை மேலேயும் ஏற்றி இறக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், பழைய லாரிகளில் இந்த இரண்டு தொல்லைகளும் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருந்துதான் கிளம்புகின்றன என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அந்த இடம் என்ஜினின் தண்ணீர்ச் சுற்று.

மதுரை வெயிலில் ஹீட்டரா என்று கேட்பவர்கள் உண்டு. சமவெளியிலேயே ஓடும் வண்டிக்கு அது தேவையில்லாத சாமான்தான். பழைய லாரிகள் பலவற்றில் கம்பெனியே அதைப் பொருத்தித் தரவில்லை. ஆனால் வத்தலக்குண்டு தாண்டிக் காட்ரோட்டில் இருந்து மலையேறும் வண்டிக்கும், போடிமெட்டு வழியாக மூணாறு செல்லும் வண்டிக்கும், குளிர்காலத்தில் காஷ்மீர் ஆப்பிள் ஏற்றப் போகும் வண்டிக்கும் ஹீட்டர் என்பது கண்ணாடியில் படியும் ஆவியை நீக்கும் கருவி. அது வேலை செய்யாத வண்டியில் டிரைவர் ஒரு கையில் ஸ்டியரிங்கையும் மறு கையில் கரித்துணியையும் வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திருப்புவதை அந்தப் பாதையில் போகிறவர்கள் யாரும் பார்க்கலாம்.

ஹீட்டருக்கென்று தனியாக ஓர் அடுப்பு வண்டியில் கிடையாது. என்ஜினில் சூடேறிய தண்ணீரில் ஒரு பங்கு, இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சிறிய ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது. அதன் மீது ஒரு விசிறி காற்றை ஊதுகிறது. அவ்வளவுதான் அமைப்பு. ஆகவே கேபினுக்குள் சூடு குறைகிறது என்றால், விசிறியும், காற்றின் வழியைத் திறந்து மூடும் காற்றுத் தடுப்பும் சரியாக இருக்கும் பட்சத்தில், தண்ணீர் குறைந்திருக்க வேண்டும், அல்லது தண்ணீர் தேவையான அளவு சூடாகாமல் இருக்க வேண்டும், அல்லது சூடான தண்ணீர் அந்தச் சிறு ரேடியேட்டருக்குள் போக முடியாமல் இருக்க வேண்டும். மூன்றுமே என்ஜினுக்கு நல்லதில்லை. டேஷ்போர்டில் உள்ள ஹீட் மீட்டர் சொல்வதற்கு முன்பாகவே ஹீட்டர் சொல்லிவிடுகிறது என்பதால்தான், சமவெளியில் ஓட்டுபவர்களும் மாதம் ஒரு முறையாவது அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

மீட்டரை முழுக்க நம்ப முடியாததற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் குறையும்போது முதலில் வறண்டு போவது சுற்றிலேயே உயரமான இடம். பல வண்டிகளில் அந்த இடம் ஹீட்டர்தான். சற்று முன்பு வரை சூடான காற்று வந்துகொண்டிருந்த ஹீட்டர் ஏற்றத்தில் திடீரென்று குளிர்ந்த காற்றை ஊதினால், வண்டியை ஓரங்கட்டித் தண்ணீர் மட்டத்தைப் பார்க்க வேண்டிய நேரம் அது. மட்டம் இன்னும் இறங்கி மீட்டரின் சென்சார் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டால், அது தண்ணீரின் சூட்டை அளக்காது. உள்ளே என்ஜினின் மேல்பாகமான ஹெட் காய்ந்துகொண்டிருக்கும்போது முள் கீழே இறங்கிக்கூட நிற்கும். முள் இறங்குவதைக் கண்டு வண்டி ஆறிவிட்டது என்று நினைத்து ஓட்டியதில் ஹெட் வளைந்து போன வண்டிகளை எங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப்களில் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் மட்டம் சரியாக இருந்தும் சூடு வரவில்லை என்றால், என்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டு ஹீட்டர் ஹோஸ்கள் இரண்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும். சுழலும் ஃபேனில் இருந்து கையையும் துண்டையும் தள்ளியே வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு ஹோஸ்களும் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் தண்ணீர்ச் சுற்றில் குறை இல்லை. விசிறி மோட்டார், காற்றுத் தடுப்பின் கேபிள், தூசி அடைத்த வழி ஆகியவற்றைப் பார்க்கலாம். ஒன்று சுட்டு, மற்றொன்று குளிர்ந்திருந்தால் ஹீட்டருக்குள் அடைப்பு இருக்கிறது, அல்லது காற்று மாட்டியிருக்கிறது, அல்லது ஆண்டுக்கணக்கில் திருப்பப்படாத ஹீட்டர் குழாயின் வால்வு மூடியபடியே துருப்பிடித்திருக்கிறது. சில வண்டிகளில் இந்த ஆராய்ச்சிக்கே இடம் இருக்காது. எப்போதோ ஹீட்டர் ஒழுகி டிரைவரின் காலடி மிதியடி நனைந்தபோது, ஒரு துண்டுக் குழாயை வைத்து இரண்டு ஹோஸ்களையும் ஒன்றாக இணைத்துக் கிளிப் போட்டுவிட்டிருப்பார்கள். பழைய வண்டி வாங்குபவர்கள் பானட்டைத் தூக்கியதும் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஹோஸ்கள் இரண்டும் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால்தான் நான் இந்தக் கடிதத்தில் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். என்ஜின் தனக்குரிய சூட்டையே எட்டவில்லை. பத்தில் ஒன்பது பழைய லாரிகளில் இதற்குக் காரணம், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி நின்றுவிட்டது என்று சொல்லத் தோன்றும். நம் ஊரில் அதைவிட அதிகமாகக் காணக்கூடியது, அந்த வால்வு இருக்க வேண்டிய இடத்தில் எதுவுமே இல்லாதிருப்பது. வண்டி சூடேறுகிறது என்று போய் நின்றால், நமது மெக்கானிக்குகளில் பலர் முதலில் செய்வது தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதுதான். அது குளிர்நாட்டுக்காரனுக்கு வேண்டிய பாகம், நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று விளக்கமும் சொல்வார்கள். என் வண்டியும் இந்தச் சிகிச்சைக்குத் தப்பவில்லை. வாட்டர் பம்ப் மாற்றுவதற்காக மதுரையில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தபோது, எனக்குச் சொல்லாமல், பில்லிலும் எழுதாமல், வால்வை எடுத்துவிட்டார்கள். அடுத்த தையில் பூம்பாறையில் இருந்து பூண்டு ஏற்றிக்கொண்டு இறங்கும்போது ஹீட்டரில் இருந்து பச்சைக் காற்றுதான் வந்தது. ஹவுசிங்கைத் திறந்து பார்த்தால், வால்வு உட்காரும் பள்ளத்தில் செம்மண் நிறத்தில் துருச்சேறு படிந்திருந்ததே தவிர வால்வைக் காணோம்.

தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த ஒரு சிறு குப்பி. டீசல் லாரிகளில் அது பொதுவாக 80 டிகிரி செல்சியஸை ஒட்டித் திறக்கத் தொடங்கி, ஏறக்குறைய 95 டிகிரியில் முழுவதும் திறந்துவிடும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றவைத்து, என்ஜின் விரைவில் சூடாக உதவும். முழுவதும் திறந்த வால்வு தண்ணீரைத் தடுப்பதில்லை. ஆகவே நல்ல தெர்மோஸ்டாட் எந்த வெயிலிலும் வண்டியைச் சூடேற்றாது. மூடியபடி சிக்கிக்கொண்ட வால்வு சூடேற்றும் என்பது உண்மை. அதற்கு மருந்து புது வால்வு போடுவது. இதில் கவனிக்க வேண்டிய மற்றொன்று, பல என்ஜின்களில் வால்வு திறக்கும்போதே, தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் என்ஜினுக்கே திருப்பும் பைபாஸ் வழியை மூடுகிறது என்பது. வால்வையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே மீண்டும் என்ஜினுக்குத் திரும்பும். சமவெளியில் காலி வண்டி தேவைக்கு மேல் குளிர்ந்தும், லோடு ஏற்றிக்கொண்டு மலையேறும்போது அதே வண்டி கொதித்தும் நிற்பதற்கு இது ஒரு காரணம். சூடேறுவதற்காகக் கழற்றிய பாகமே சூடேறுவதற்குக் காரணமாகிறது என்பதை எங்கள் மெக்கானிக்கிடம் நம்பவைக்க எனக்குப் பல காபி செலவாயிற்று.

குளிர்ந்தே ஓடும் என்ஜினால் வரும் நஷ்டம் உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. டீசல் முழுதாக எரியாமல் ஒரு பகுதி, பிஸ்டன் ஓடும் உருளையான லைனரின் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலந்து அதை நீர்க்கவைக்கிறது. எரிந்தபின் உண்டாகும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து அமிலமாகி லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் தின்கிறது. மைலேஜ் குறைகிறது, புகை கூடுகிறது. ஆயில் குடிக்கிறது என்று என்ஜினைப் பிரிக்கும் நாளில், வால்வைக் கழற்றிய நாளை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் அது சில நூறு ரூபாய்ப் பொருள். பழுதா இல்லையா என்று சோதிப்பதும் எளிது: ஒரு பாத்திரத் தண்ணீரில், அடியைத் தொடாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு வெப்பமானியுடன் அடுப்பில் வைத்தால், அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும், எடுத்து ஆறவைத்தால் முழுவதும் மூட வேண்டும். புது வால்வையும் இப்படிப் பார்த்த பிறகே மாட்டுவது என் வழக்கம்.

நீண்ட இறக்கத்தில் ஹீட்டர் சற்றுத் தணிவது இயற்கை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெருமாள்மலைக்குக் கீழே கியரில் இறங்கும்போது டிரைவர் ஆக்ஸிலரேட்டரில் கால் வைப்பதில்லை; என்ஜினுக்கு டீசல் போகாததால் சூடும் உண்டாவதில்லை. அப்படி இறங்கும்போதும் நல்ல தெர்மோஸ்டாட் வழியை மூடி, இருக்கும் சூட்டைக் காப்பாற்றும். வால்வு இல்லாத வண்டியில் கண்ணாடி வெள்ளையாகப் பூப்பது சரியாக இந்த இடத்தில்தான்.

அடுத்தது தண்ணீர். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்க்கிறோம். அதே தண்ணீரைத்தான் ஒர்க்‌ஷாப் ஹோஸிலிருந்து ரேடியேட்டருக்கு ஊற்றுகிறோம். அந்தச் சுண்ணாம்பு ஹெட்டின் உள்வழிகளிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து, சூடு தண்ணீருக்கு இறங்கவிடாமல் தடுக்கிறது. ஹீட்டரின் சிறு ரேடியேட்டரில் குழாய்கள் இன்னும் மெல்லியவை என்பதால் அங்கே சீக்கிரம் அடைக்கிறது. ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டி ஓட்டையை அடைக்கும் பழக்கமும் டிரைவர்களிடையே இருக்கிறது. நடுக்காட்டில் ஒருமுறை வண்டியை ஊர் சேர்க்க அது உதவலாம். ஊர் வந்ததும் சுற்று முழுவதையும் கழுவி ரேடியேட்டரை ஈயம் வைக்கக் கொடுக்காமல் அப்படியே ஓட்டினால், ஓட்டையோடு சேர்த்து ஹீட்டரையும் அது அடைத்துவிடும்.

பெரிய டீசல் என்ஜின்கள் பலவற்றில் லைனரின் வெளிச்சுவர் நேரடியாகத் தண்ணீரில் நிற்கிறது. பிஸ்டன் அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் லைனர் அதிர்ந்து, சுவரை ஒட்டி நுண்ணிய குமிழிகள் தோன்றி வெடிக்கின்றன. நாளடைவில் அவை இரும்பையே குழி குழியாக அரித்து, இறுதியில் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். இதைத் தடுக்கும் மருந்து கனரக டீசல் என்ஜின்களுக்கென்று விற்கும், தண்ணீரில் கலந்து ஊற்றும் கூலண்ட் திரவத்தில் இருக்கிறது. வெறும் தண்ணீரில் இல்லை. கூலண்டை நம்மவர்கள் பனிப்பிரதேசச் சரக்கு என்று ஒதுக்குகிறார்கள். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் உறைவது சுமார் மைனஸ் 37 டிகிரியில் என்பது காஷ்மீருக்குப் போகும் வண்டிக்கு வேண்டிய தகவல். வெறும் தண்ணீரோடு அங்கே இரவில் நிறுத்தினால் என்ஜின் பிளாக் வெடிக்கும். நமக்கு வேண்டியது, அதே கலவை ரேடியேட்டர் மூடி திறந்திருந்தால்கூட 107 டிகிரி வரை கொதிக்காது என்பதும், துருவைத் தடுக்கும் என்பதும்தான். கலப்பதற்குச் சுத்திகரித்த, உப்பு நீக்கிய தண்ணீரைப் பயன்படுத்த வேண்டும். பேட்டரிக்கு வாங்கும் தண்ணீர் போதும். கழற்றும் பழைய கூலண்டைத் தெருவில் ஊற்றக் கூடாது. இனிப்புச் சுவை உள்ள அந்த விஷத்தை நாயும் மாடும் நக்கிக் குடித்துவிடும்.

சுற்றைக் காலி செய்து மீண்டும் நிரப்பும்போது ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, மூடியைப் போடாமல் என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, குமிழி நிற்கும் வரை மட்டத்தை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாமல் மூடியைத் திருகிவிட்டால் ஹீட்டரில் காற்று மாட்டிக்கொள்ளும்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை; அதைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போடலாம். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி முன்னதாகவே கொதிக்கிறது. 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் அது 93 டிகிரி. மூடியின் ஸ்பிரிங் 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் வரை, அங்கேயும் தண்ணீர் 115 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்தோ, ரப்பர் வளையம் வெடித்தோ போயிருந்தால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொடாமலே தண்ணீர் கொதித்து வெளியே கொட்டும். வண்டிக்குரிய அழுத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் கையில் கிடைத்த மூடியை மாட்டுவதும் இதற்குச் சமம். இதே கணக்குதான் சூடான மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் காரணம்: அழுத்தம் விலகிய நொடியில் உள்ளே இருப்பது ஆவியாகி முகத்தில் அடிக்கும். சாக்கைப் போட்டுத் திறந்தாலும் முகம் வெந்துபோகலாம். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அமுக்க முடிகிற வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆறிய பிறகும் ஒரேயடியாகக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் வெடிப்பு விழும்.

வண்டி சூடேறத் தொடங்கும் நேரத்தில், தண்ணீர் மட்டம் சரியாக இருந்தால், ஹீட்டரை முழுவதும் திறந்து விசிறியையும் போட்டுவிட்டால் அது இரண்டாவது ரேடியேட்டராக ஓரளவு கைகொடுக்கும். கேபினில் வேர்த்து வடியும், என்றாலும் வண்டியை நிறுத்துவதற்குத் தோதான இடம் வரை கொண்டு சேர்க்கலாம். ஹீட்டரையே துண்டித்துவிட்ட வண்டியில் இந்தக் கடைசி உதவியும் கிடையாது.

ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தில் அடைத்திருக்கும் வைக்கோல் துரும்பு, நெல் உமி, பூச்சி ஆகியவற்றை என்ஜின் பக்கத்தில் இருந்து வெளியே போகும்படி, தகடு மடங்காத வேகத்தில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஃபேன் பெல்ட், ஃபேனைச் சுற்றியுள்ள கூண்டு, வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் கசிவு ஆகியவை எல்லோரும் அறிந்தவை. வெளியே ஒரு சொட்டு ஒழுகாமல் தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தாலோ, காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த சில நொடிகளிலேயே மேல் ஹோஸ் விறைத்தாலோ, ஆயில் மோர் போல வெளுத்திருந்தாலோ, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது என்று கொள்ளலாம். அதற்கு மேல் அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

2025இல் நடைமுறைக்கு வந்த விதி புதிய கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி.யைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வரவேற்கிறேன், ஆனால் அது சாலையில் ஏற்கெனவே ஓடும் பழைய வண்டிகளுக்குப் பொருந்தாது. எட்டு ஆண்டைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்கிறோம். அதற்கு முன்பு பெயிண்ட், ஒளிரும் பட்டை, பிரேக், விளக்கு என்று வேலை பார்க்கும் உரிமையாளர்கள், அதே ஒர்க்‌ஷாப்பில் அதே நாளில் தண்ணீர்ச் சுற்றைக் கழுவி, மூடியையும் தெர்மோஸ்டாட்டையும் பார்த்துவிடச் சொன்னால் கூடுதல் செலவு அதிகம் ஆகாது. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிக்கும் மாணவர்கள் தெர்மோஸ்டாட்டின் வேலையைப் பாடமாகப் படித்துவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்ததும் மூத்தவர் சொல்லே வேதமாகிவிடுகிறது. அந்த மூத்தவர்களுக்கு ஐ.டி.ஐ.களிலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாள் பயிற்சி நடத்துவது பற்றி அரசு யோசிக்க வேண்டும்.

நெடுஞ்சாலைத் துறை கொடைக்கானல் மலையடிவாரத்திலும் பாதி ஏற்றத்திலும், லாரி ஒதுங்கி நின்று ஆறுவதற்கு அகலமான இடமும், உப்பில்லாத தண்ணீர்க் குழாயும் அமைத்துத் தந்தால் சீசன் நெரிசலில் ஒரு பகுதி குறையும். அதுவரை, வேலைக்கு விட்ட வண்டியில் இருந்து கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் உரிமையாளர் கையில் கொடுத்து, கழற்றியதைப் பில்லில் எழுதும் வழக்கத்தை மதுரை ஒர்க்‌ஷாப்காரர்கள் தாங்களாகவே தொடங்கலாம். உரிமையாளர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர் ஒருவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.